பின்கதவு ஸ்பீக்கர் அதிர்கிறது: கழற்றிச் சரிசெய்வதா, தூக்கிப் போடுவதா?

வாசகர் கேள்வி, ஜூன் 2

கார் வாங்கி பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இடது பின்கதவு ஸ்பீக்கர் பேஸ் வரும்போதெல்லாம் 'பர்ர்' என்று அதிர்கிறது. சில நேரம் சத்தமே நின்றுபோகிறது, கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்ப வருகிறது. கடையில் காட்டினேன். கம்பெனி ஸ்பீக்கரை யாரும் சரிசெய்வதில்லை, நான்கையும் மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. காகிதமும் பசையும்தானே, அதற்குப் போய் மெனக்கெடுவானேன்?

ஜூன் 2, இரவு

காகிதமும் பசையும்தான். அதனால்தான் வீட்டில் வைத்தே சரிசெய்ய முடிகிறது என்பேன். காயில், அதாவது காந்தத்துக்குள் ஆடும் செம்புக் கம்பிச் சுருள், கருகிவிட்டால் கதை முடிந்தது. மற்றபடி அதில் கெட்டுப்போவது பெரும்பாலும் பசை வைத்தோ ஈயம் வைத்தோ தீர்க்கக்கூடியதுதான்.

ஆனால் இப்போதே திருப்புளியைத் தேடாதீர்கள். நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. பேஸில் அதிர்வது ஒன்று. நின்றுபோய், கதவைச் சாத்தினால் உயிர் வருவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் ஸ்டீரியோவில் ஃபேடரை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள், பேலன்ஸை முழுக்க இடதுபக்கம். இப்போது அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும். பேஸ் அதிகமுள்ள ஏதாவது ஓடட்டும். ஒருவர் டோர் பேடில் (கதவின் உட்புற உறை) உள்ளங்கையை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு இடமாக நகர்த்தட்டும். எங்காவது கை வைத்ததும் அதிர்வு நின்றால் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை, கழன்ற கிளிப்போ உள்ளே ஆடும் வயரோதான். என் காரில் ஒரு சமயம் பின்சீட் பெல்ட்டின் பக்கிள் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் கிழிந்த சத்தம் அச்சு அசல் அப்படியே.

ஜூன் 3, காலை

இரண்டாவது கோளாறுக்கு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஓங்கிச் சாத்த வேண்டாம். கதவு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வரும்போது மட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தால், கீல் பக்கம் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைச் சந்தேகப்படுங்கள். எல்லா வயரும் அதன் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வயரை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர் மாதிரி நீளும்.

கோணத்தால் எதுவும் மாறாமல், அதிர்ச்சியால் மட்டும் சத்தம் வந்தால் ஸ்பீக்கரின் கப்ளரோ (வயரை மாட்டும் பிளக்), ஸ்பீக்கரிலேயே கோனுக்கு, அதாவது அதிரும் காகிதக் கூம்புக்கு, போகும் பின்னல் கம்பியோ காரணமாக இருக்கும். அதற்குப் பேடைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 3, மதியம்

கழற்றிய பிறகு மல்டிமீட்டர் எப்படி வைப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கப்ளரை உருவிவிட்டு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 4 காட்டாது, 3.2 முதல் 3.8 வரை காட்டும். அது கோளாறு அல்ல. மீட்டர் டிசி தடையை அளக்கிறது, ஸ்பீக்கரில் எழுதியிருப்பது ஏசி இம்பீடன்ஸ், அதாவது பாட்டு ஓடும்போது இருக்கும் மொத்தத் தடை. எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் காயிலோ பின்னல் கம்பியோ அறுந்திருக்கிறது. கோனை விரலால் லேசாக அசைக்கும்போது எண் வந்து வந்து போனால் பின்னல் கம்பி. சந்தோஷப்படுங்கள், அது சுலபம்.

சில கம்பெனி சிஸ்டங்களில் 2 ஓம் ஸ்பீக்கர் வரும். முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இது ஏன் முக்கியம் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீரியோவிலிருந்து வரும் ஸ்பீக்கர் வயரின் நெகட்டிவை பாடியில் தொடவிடாதீர்கள். இன்றைய கார் ஸ்டீரியோக்களில் இரண்டு வயருமே ஆம்ப்பிளிஃபயரால் ஓட்டப்படுபவை. பாட்டு ஓடாதபோதும் ஒவ்வொன்றிலும் பாடியைப் பொறுத்து ஏறக்குறைய பாதி பேட்டரி வோல்ட்டேஜ், அதாவது சுமார் 6 வோல்ட், நிற்கும். அந்த 6 வோல்ட்டைப் பார்த்துவிட்டு 'ஸ்டீரியோ போய்விட்டது' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு வயருக்கும் நடுவில் அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். இருந்தால் ஸ்டீரியோ நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 4

கழற்றும் படலம். ஒட்டுவதைவிட இதில்தான் பொறுமை வேண்டும்.

டோர் பேடைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு: ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்கள், ஓரத்தைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள். ஸ்க்ரூ ஒன்று கதவை இழுத்துச் சாத்தும் பிடிக்குள் இருக்கும், ஒரு சின்ன மூடிக்கு அடியில். இன்னொன்று உட்புறக் கைப்பிடியின் குழிக்குள். சில கார்களில் கீழ் ஓரத்திலும் ஒன்றிரண்டு. பேட் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், இன்னொரு ஸ்க்ரூவைத் தேடுங்கள்.

பின்கதவில் கையால் சுற்றும் கண்ணாடி என்றால் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கிளிப் இருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் இடையில் ஒரு துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியுமாக இழுத்தால் அது தானாகக் கழன்று வரும். தெறித்து எங்காவது போய் விழும், அதனால் கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகு கீழ் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். இரும்புத் திருப்புளியை நுழைத்தால் பெயிண்ட்டும் போகும், பேடின் ஓரமும் நசுங்கும். பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கிக்கொள்ளுங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் பேட்தான் வளையும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து உடையும், வெயிலில் கார் கொஞ்சம் சூடேறிய பிறகு செய்தால் இதமாக வரும்.

கிளிப்புகள் விட்டதும் பேடை அப்படியே பிடுங்கிவிடக் கூடாது. பவர் விண்டோ சுவிட்சின் கப்ளர், கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கேபிள் இரண்டும் பின்னால் தொங்கும். மேல்நோக்கித் தூக்கி, கொஞ்சம் சாய்த்து, கையை உள்ளே விட்டு அவற்றை விடுவியுங்கள். எந்த வயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுங்கள்.

ஜூன் 4, சற்றுப் பிறகு

கிளிப் எப்படியும் ஒன்றிரண்டு உடையும். வேலை ஆரம்பிக்கும் முன்பே அதே மாதிரி கிளிப்புகள் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கிளிப்போடு பேடை மாட்டினால் நாளைக்கு அதுவே அதிரும், மறுபடி 'ஸ்பீக்கர் சரியில்லை' என்று இங்கே எழுதுவீர்கள்.

ஜூன் 5

பின்கண்ணாடிக்கு அடியில் பார்சல் ட்ரேயில் ஸ்பீக்கர் இருக்கும் செடான் பற்றி ஒருவர் கேட்டார். என்னுடையது அந்த வகைதான். டிக்கிக்குள் படுத்து மேலே பார்த்தால் ஸ்பீக்கரின் முதுகு தெரியும். சில கார்களில் அங்கிருந்தே கழற்றிவிடலாம், அதிர்ஷ்டசாலிகள். மற்றவற்றில் பின்சீட்டின் கீழ் மெத்தை, சாய்மானம், பக்கத் தூண்களின் உறை, உயர பிரேக் விளக்கு எல்லாம் கழன்று, அப்புறம்தான் ட்ரே வரும்.

பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார் என்றால் தூண் உறையைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் திரும்ப மாட்டும்போது கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்க வேண்டும், கை அளவு போதாது. ஸ்பீக்கருக்காக பெல்ட்டில் சமரசம் செய்யக் கூடாது.

ட்ரேயில் இருக்கும் ஸ்பீக்கர்தான் சீக்கிரம் சாகும். பின்கண்ணாடி வழியாக வெயில் நேராக அதன் தலையில் இறங்குகிறது.

ஜூன் 7

கேள்வி கேட்டவர் பேடைக் கழற்றிவிட்டார், வாழ்த்துகள். ஸ்பீக்கரைப் பிடித்திருப்பது ஸ்க்ரூ இல்லை, ரிவெட் அடித்திருக்கிறது என்கிறார். பல கார்களில் அப்படித்தான். ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் செய்ய வேண்டும், தலை கழன்றதும் மிச்சத்தை உள்ளே தட்டிவிடலாம். நடுவில் இருக்கும் ஆணித் துண்டு இரும்பாக இருந்தால் முதலில் அதைப் பின்பக்கம் தட்டிவிட்டு டிரிலை வையுங்கள், இல்லாவிட்டால் டிரில் வழுக்கிக்கொண்டு கோனுக்குள் இறங்கும்.

அதைவிட முக்கியம், இரும்புத்தூள். பக்கத்திலேயே காந்தம் இருக்கிறது. காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவில் உள்ள காற்றிடைவெளிக்குள் தூள் போனால் காயில் அதில் உரசும், நன்றாக இருந்த ஸ்பீக்கரும் கெடும். டிரில் செய்யும் முன் கோன் முழுவதையும் மாஸ்கிங் டேப்பாலும் தாளாலும் மூடுங்கள். முடிந்ததும் கதவின் உட்புறத்தையும் துடையுங்கள், அங்கே தங்கும் தூள் துருவாக மாறும்.

திரும்ப மாட்டும்போது ரிவெட்டே அடிக்கலாம். நான் ஸ்க்ரூவும் நட்டும் போடுவேன், மறுபடி கழற்ற வசதி. ஸ்க்ரூவின் நீளத்தைப் பாருங்கள், உள்ளே கண்ணாடி இறங்கும் பாதை இருக்கிறது.

ஜூன் 8

மேஜைக்கு வந்தாயிற்று. வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கோனின் விளிம்பிலிருந்து இரும்புச் சட்டம் வரை போகும் வளையத்தை விரல் நுனியால் தொடுங்கள். ஃபோம் என்றால் அது விரலோடு வந்துவிடும், கறுப்பாக, பிசுபிசுப்பாக. பாலியூரிதேன் ஃபோமை ஈரமும் சூடும் வெளிச்சமும் சேர்ந்து சிதைக்கின்றன. ஸ்பீக்கர் ஓடாமல் சும்மா இருந்தாலும் சிதையும். வளையம் ஒரு பக்கம் கிழிந்ததும் கோன் கோணலாக ஆடுகிறது, காயில் காந்தத்தில் உரசுகிறது. உங்கள் 'பர்ர்' இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்து உரசல் சோதனை. இரண்டு கட்டைவிரலையும் நடுமூடிக்கு இருபுறமும் சம தூரத்தில் வைத்து கோனை நேராகக் கீழே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். எல்லாப் பக்கமும் நேராக அழுத்தியும் கரகர என்றால் காயில் உப்பியிருக்கிறது அல்லது காந்தம் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் விட்டுவிடுங்கள், மனம் வராவிட்டாலும்.

உரசல் இல்லையென்றால் புது ஃபோம் வளையம் வாங்குங்கள். '6.5 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. கோனின் வெளிவிட்டம், வளையத்தின் மேட்டுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் வெளிவிட்டம், நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வளையம் கோனின் மேல்பக்கம் ஒட்டியிருந்ததா அடிப்பக்கமா என்பதையும்.

பழைய பசையை நகத்தாலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சாலும் எடுங்கள். காகிதக் கோனை ஊற வைக்கக் கூடாது, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சட்டத்தின் மேலிருக்கும் அட்டை வளையத்தை உடைக்காமல் உரித்து வையுங்கள், கடைசியில் அது திரும்ப வேண்டும். சட்டத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தூளைப் பற்றிச் சொன்னேனே.

முதலில் வளையத்தைக் கோனில் மட்டும் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் சட்டத்தில். இந்த இரண்டாவது கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பசை இறுகும் முன் கோனை அழுத்தி அழுத்திப் பார்த்து, உரசல் கேட்கும் பக்கத்திலிருந்து வளையத்தை ஒரு மயிரளவு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். காதை நடுமூடிக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த சத்தத்தில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டால் இன்னும் துல்லியம்: நடுவில் இருந்தால் கோன் மட்டும் மௌனமாக ஆடும், விலகியிருந்தால் மெல்லிய உராய்வு கேட்கும். பிறகு ஒரு முழு நாள் காயட்டும்.

ஜூன் 8, இரவு

பசை எது என்று உடனே கேட்டுவிட்டார்கள். ஸ்பீக்கருக்கென்றே விற்கும், காய்ந்த பிறகும் வளையும் வெள்ளைப் பசை. நகர்த்திச் சரிசெய்ய அது நேரம் கொடுக்கும். சில விநாடியில் பிடிக்கும் பசை வேண்டாம்.

கோன் கிழிந்திருந்தால் மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து (வெட்டக் கூடாது, கிழித்த ஓரம்தான் கோனோடு கலக்கும்) தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் இருபுறமும் ஒட்டுங்கள். கதவுக்குள் ஈரம் வரும் என்பதால் காய்ந்து தண்ணீரைத் தாங்கும் வகைப் பசையாகப் பாருங்கள்.

ஜூன் 9

பின்னல் கம்பி. அதை வெறும் வயர் என்று நினைத்து ஈயம் வைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி அறும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நடுவில் நூல், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புத் தகடுகள் பின்னியிருக்கும். அந்தப் பின்னல்தான் லட்சக்கணக்கான முறை வளைந்தும் தாங்குகிறது. ஈயம் அதற்குள் ஊறி ஏறினால் அந்த நீளம் கம்பியாக விறைத்துப்போகும், விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும். அதனால் முனையில் ஒரு துளி, சட்டென்று வைத்து எடுக்க வேண்டும். அறுவது பெரும்பாலும் கோனில் கறுப்புப் பசை வைத்த இடத்திலோ வெளிமுனை தகட்டிலோதான். முனையில் அறுந்து, இன்னும் நீளம் மிச்சமிருந்தால் அதையே திரும்ப ஈயம் வைக்கலாம். இழுத்துப்பிடித்தபடி இருந்தால் கோன் வெளியே வரும்போது தடுக்கும், புதுப் பின்னல் கம்பி மாற்றிவிடுங்கள்.

ஜூன் 11

'இவ்வளவு சின்ன காந்தம், தரமே இல்லை, இதைப் போய் ஒட்டுவதா' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காந்தத்தின் அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நியோடைமியம் காந்தங்கள் 1980களில் வந்தன. அதே வேலையை வழக்கமான ஃபெரைட் காந்தத்தைவிட மிகச் சிறிய துண்டு செய்யும். அப்புறம், கோனும் காயிலும் காந்தமும் சேர்ந்த இந்த அமைப்பை ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925இல் வெளியிட்டார்கள். நூறு வருடமாக அடிப்படை மாறவில்லை. நான் இதில் கை வைக்கத் துணிந்ததே அதனால்தான். மறைவான மாயம் எதுவும் உள்ளே இல்லை, எல்லாம் கண்முன்னால் இருக்கிறது.

2 ஓம் விஷயம். கம்பெனி ஸ்பீக்கர் 2 ஓம் என்றால் அங்கே கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் அதே வால்யூமில் பாதி மின்சக்திதான் போகும். விலை கூடுதலாகக் கொடுத்துவிட்டு 'சத்தம் குறைந்துவிட்டதே' என்று நிற்பார்கள். 4 ஓம் சிஸ்டத்தில் 2 ஓம் போட்டால் ஸ்டீரியோ சூடாகும். ஆழமும் ஒன்று: பின்கதவில் கண்ணாடி இறங்கும் இடம் குறுகல், காந்தம் பெரிதாக உள்ள ஸ்பீக்கர் கண்ணாடியில் இடிக்கும். பழையதைச் சரிசெய்தால் இந்த மூன்று தலைவலியும் கிடையாது.

ஆனாலும் ஜூன் 2இல் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கோன் தண்ணீரில் ஊறி நைந்து, வளையமும் போய், பின்னல் கம்பியும் போயிருந்தால் அதே கார் மாடலின் பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் தேடுவது நல்லது. ஒரு பழுதுக்கு ஒட்டலாம், மூன்று பழுதுக்கு வேண்டாம்.

ஜூன் 14

கேட்டவர் முடிவைச் சொல்லிவிட்டார்: ஃபோம் வளையம் பாதி இல்லை, அதிர்வு அதனால். நின்றுபோனது பின்னல் கம்பியாலும் இல்லை, ரப்பர் குழாயாலும் இல்லை. முன்பு எப்போதோ ஒரு கடையில் கப்ளரை வெட்டிவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். முறுக்கு தளர்ந்து, செம்பு பச்சை பிடித்திருந்தது. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கப்ளரை உருவ அரை நிமிடம் ஆகாது. பச்சை பிடித்த பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, பளபளக்கும் செம்பு வரும்வரை போய், ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

போலாரிட்டி, அதாவது எது பாசிட்டிவ் எது நெகட்டிவ் என்பது, தெரியவில்லை என்கிறார். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். வயர் பக்கம் எது பாசிட்டிவ் என்பதை வலது கதவின் வயர் நிறத்தை ஒப்பிட்டோ வயரிங் படத்தைப் பார்த்தோ உறுதிசெய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கூர்மையான சத்தம் குறைவாக இருக்கிறது என்றால் ட்வீட்டருக்கு (அந்தச் சத்தத்தைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) முன்னால் இருக்கும் கப்பாசிட்டரைப் பாருங்கள். அதன்மேல் 4.7 மைக்ரோஃபாரட் என்று இருந்தால், 4 ஓமுக்கு அது சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத்தான் விடும். காய்ந்துபோயிருந்தால் அதே அளவு, போலாரிட்டி இல்லாத வகை போடுங்கள்.

ஜூன் 15

பேடை மூடும் முன் ஒன்று. உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளை 'இது எதற்கு' என்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள துளைகள் அதை வெளியேற்றும், அந்தத் தாள் அதை உங்கள் பேடுக்கும் தரைவிரிப்புக்கும் வராமல் தடுக்கும். கிழிந்த இடத்தை டேப் போட்டு, ஓரத்தில் ப்யூட்டைல் பிசினைப் புதிதாக வைத்து, சுற்றிலும் அழுத்துங்கள். கதவின் அடித்துளைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். ஸ்பீக்கருக்கும் கதவின் இரும்புக்கும் நடுவில் இருந்த ஃபோம் பட்டையும் நைந்திருக்கும், புதிது ஒட்டினால் பேஸ் கூடுவதைக் காதால் கேட்கலாம்.

பேடை மாட்டாமலே ஒரு பாட்டு ஓடவிட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றி, கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறந்து பாருங்கள். பிறகு மேலிருந்து தொங்கவிட்டு கிளிப்புகளைத் தட்டுங்கள்.

ஜூன் 16

வலதுபக்கமும் இப்போதே செய்ய வேண்டுமா என்கிறார். ஒரே நாளில் தொழிற்சாலையிலிருந்து வந்த வளையங்கள் அவை, ஒரே வெயிலைப் பார்த்தவை. பேடைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் இன்னொரு வளையம் வாங்குங்கள், இடது பக்கத்துக்கு எடுத்த நான்கு அளவும் அதற்கும் பொருந்தும்.